வெளியே வந்தால்தான் சுத்தம்

என் வீட்டுக்காரர் பிளம்பர். அதனால் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பிளம்பரைக் கட்டிக்கொள்ளாத புண்ணியவதிகள். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். சொந்த வீட்டுக் குழாயைக் காட்டினால் மட்டும், "நம்ம வீடுதானே, எங்க ஓடிடப் போகுது" என்பார்.

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. 'அடைப்பு அண்ணன்' என்றால்தான் தெரியும். புதுக் குழாய் போடுவதும் தொட்டி மாட்டுவதும் அவருக்கு ஏனோதானோ வேலை. கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது என்று யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால்தான் முகத்தில் களை வரும். நீளக் கம்பிச் சுருளை உள்ளே விட்டுக் குடைவார். காதை வைத்துக் கேட்பார். ஆசிட் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். உள்ளே இருந்தது குபுக்கென்று வெளியே வந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் விடமாட்டார். "இங்க வந்து பாருங்க, இதுதான் உள்ள இருந்துச்சு. வெளியே வந்தாத்தான் சுத்தம்." அவர்கள் வாந்தி எடுக்காத குறையாக ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அடைப்பு எடுத்தாலும் இதே கூத்துதான். "ஏய், இங்க வந்து பாரேன்!" என்று கத்துவார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இது என்ன, கோபுர தரிசனமா?

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் குடலிலேயே அடைப்பு வந்தது. யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாதக்கணக்கில் வயிறு சரியாகப் போகாமல் இருந்திருக்கிறது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மருந்துக் கடையில் தானே எதையோ வாங்கி விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். கடைசியில் ஒரு வீட்டுக் குளியலறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுந்ததும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்துத் தைத்தார்கள்.

"கட்டியை முழுசா எடுத்துட்டோம். கண்ணுக்குத் தெரியாம ஏதாவது மிச்சம் இருந்தா அதையும் அழிக்கணும். அதுக்குத்தான் கீமோ" என்றார் டாக்டர்.

இவர் பெரிய விஷயம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். "கம்பி விட்டு எடுத்தப்புறம் ஆசிட் ஊத்துற மாதிரிங்களா?"

"ஏறக்குறைய அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த 'ஏறக்குறைய'வுக்காக அவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் சுற்று மருந்து ஏற்றிய அன்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர் அங்கிருந்த பெரிய நர்ஸ். வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற குரல். கீமோ மருந்துக்கு முன்னாலேயே வாந்திக்கு ஒரு ஊசி போட்டார். வீட்டுக்கு மாத்திரை கொடுத்தார். "இது வாந்தி வந்ததும் போடுறது இல்ல. வராம இருக்கப் போடுறது. குமட்டினாலும் குமட்டாட்டியும் சொன்ன நேரத்துக்குப் போட்டுடணும். வந்தப்புறம் போட்டா அதையும் சேர்த்து வாந்தி எடுத்துடுவீங்க." சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும், சூட்டில் வாடை தூக்கும், அதனால் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தண்ணீரை வாய் வாயாகக் குடிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். வாந்தியைச் சுத்தம் செய்யும்போது நான் கையுறை போட வேண்டுமாம். இவர் கக்கூஸ் போய்வந்தால் மூடியை மூடிவிட்டு இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டுமாம். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தச் சுற்று ஒழுங்காகத்தான் போயிற்று. மாத்திரை போட்டார். கொஞ்சம் குமட்டியது, வாந்தி இல்லை. அப்பாடா என்று நானும் துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். ஆல்டரேஷன் பிரிவில் எனக்குத் தையல் வேலை. ஆனால் சில நாளில் இவர் முகம் இறுகிப்போயிற்று. குளியலறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். அசதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சுற்றில்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் தயவில் முதல் நாள் தப்பித்தோம். மறுநாளிலிருந்து வாந்தி. சாப்பிட்டால் வாந்தி, சாப்பிடாவிட்டால் வெறும் பித்தம். எண்ணெய் காய்ந்தால் ஓடுவார். நான் குளித்துவிட்டு வந்தால் சோப்பு வாடை என்று ஓடுவார். சோப்பை மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். அடுப்பு மூட்டாமல் ரொட்டியும் தயிரும் வாழைப்பழமுமாக இரண்டு பேரும் காலத்தை ஓட்டினோம். மாடி வீட்டில் எதையாவது வறுத்தால் நான் படியேறிப் போய்க் கெஞ்சிவிட்டு வருவேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார் ஒருவர். இஞ்சியை மெல்லச் சொன்னார் இன்னொருவர். தண்ணீரே கொடுக்காதே, அதுதான் வாந்தியாக வருகிறது என்று ஒரு மேதாவி. தன் மச்சினருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று தொடங்கி, அந்த மச்சினரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் எழுந்து போனார் ஒரு பெரியவர். போகும்போது, "தைரியமா இரும்மா" என்று வேறு சொன்னார்.

மகள் வெளியூரில் வாக்கப்பட்டவள். தினமும் போனில் வருவாள். "கொஞ்சம் கொஞ்சமா குடும்மா."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்டி குடுக்கிறேன். மொத்தமாத் திரும்பி வருது."

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். "இன்னைக்கு நல்லாப் போச்சு" என்பார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். அப்பாவி நான். மாத்திரை விஷயத்தில் என்னைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார். "வை, நானே போட்டுக்கிறேன். நான் என்ன சின்னப் பிள்ளையா?" நர்ஸ் போனில் கேட்டபோதும், "நேரம் தவறாமப் போடுறேன் சிஸ்டர்" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சொன்னார். பக்கத்திலிருந்து நானும் சாட்சி சொன்னேன்.

மூன்றாவது சுற்றுக்குப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பினாயில் வாடை பட்டதும் வாந்தி. மருந்து இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. உள்ளே எடை பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். டாக்டரின் முகம் மாறியது.

"உடம்புல தண்ணியே இல்ல. இந்த நிலைமையில கீமோ ஏத்த முடியாது. முதல்ல வாந்தி நிக்கணும், கொஞ்சம் தேறணும். இப்படியே போனா மருந்தோட அளவைக் குறைக்கணும். இல்லேன்னா நிறுத்த வேண்டியதுதான்."

"நிறுத்திட்டா?" என்று கேட்டேன்.

"மிச்சம் ஏதாவது இருந்தா, அது வளர்றதுக்கு நாமளே வழி விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். இந்தத் தடவை 'ஏறக்குறைய' எல்லாம் இல்லை.

குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். யார் மேல் என்றில்லாமல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் சொட்டு, சொட்டு, சொட்டு. அவ்வளவு கோபமும் அந்தக் குழாய் மேல் போயிற்று. வாஷரை மாற்றினால் நிற்கும் என்று ஆயிரம் தடவை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நானே மாற்றுகிறேன் என்று அவருடைய வேலைப் பையைக் கவிழ்த்தேன். வாஷர் போட்டுவைக்கும் பழைய பிஸ்கட் டப்பா உருண்டு வந்தது. திறந்தேன்.

மேலே கறுப்பு ரப்பர் வாஷர். அதற்கு அடியில் வாந்தி மாத்திரை, அட்டை அட்டையாக. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எதையும் தூக்கிப்போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எந்த வீட்டுப் பழைய திருகாணியையும் பத்திரப்படுத்துகிறவர் மாத்திரையையும் பத்திரப்படுத்தியிருந்தார்.

டப்பாவைக் கொண்டுபோய் அவர் மடியில் கொட்டினேன். "என்னங்க இது?"

"வாஷர்."

"இது வாஷரா? இது வாஷரான்னு கேக்குறேன்!"

தொழில் பாஷையில் ஆரம்பித்தார். "உள்ள ஆசிட் ஊத்தியிருக்கு. ஒட்டிக்கிட்டு இருந்தது கரையுது. கரைஞ்சது வெளியே வரணும் இல்ல? வர்ற நேரத்துல எவனாவது மூடி போட்டு அடைப்பானா?"

"மருந்தைக் கையில ஏத்துறாங்க. வாயிலயா ஊத்துறாங்க?"

"எல்லாம் ஒரே லைன்தான். இல்லேன்னா வாந்தியை அள்ள உன்னை எதுக்குக் கையுறை போடச் சொன்னாங்க? எதுக்கு ரெண்டு தடவை தண்ணி விடச் சொன்னாங்க? நோய் அதுல வெளியே வருதுன்னுதானே?"

இந்த வேதாந்தத்துக்காகவா நான் சோப்பை மாற்றினேன், மாடிப்படி ஏறிக் கெஞ்சினேன்! வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவருடைய கம்பிச் சுருளையும் விட்டுவைக்கவில்லை. திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது.

"அப்போ முதல் தடவை மட்டும் ஏன் போட்டீங்க?"

ஒரு வாஷரை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு சுழற்றினார்.

"கேக்குறேன் இல்ல?"

"போட்டதுலதான் அடைச்சுக்கிச்சு" என்றார். "கீழே. நாலஞ்சு நாள் ஒண்ணுமே போகல. முதல்ல எப்படி ஆரம்பிச்சுதோ அச்சு அசல் அதே மாதிரி. உள்ள போய் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. அவங்க ஸ்கேன் எடுப்பாங்க. ஆமா, வந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா?" வாஷரைக் கழற்றி டப்பாவில் போட்டார். "மாத்திரை தீர்ந்ததும் தானாப் போச்சு. அடுத்த தடவை அதைத் தொடவே இல்ல. வாந்தி வந்துச்சு. வரட்டும்னு விட்டேன். ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, இனிமே பிழைச்சுக்குவேன்னு நினைச்சேன்."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரார் வீட்டுச் சாக்கடையில் தோள் வரைக்கும் கையை விடக் கூச்சப்படாத மனுஷன், தனக்கு வயிறு போகவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

மறுநாள் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "நீங்களே சொல்லணும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆரம்பித்ததும், நான் சொல்வது தொழில் ரீதியாகத் தப்பு என்பதுபோலக் குறுக்கே புகுந்து முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். ஆசிட், மூடி, லைன் எல்லாம் வந்தது.

பெரிய நர்ஸ் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு கேட்டார். சிரிப்பா கோபமா, கண்டுபிடிக்க முடியவில்லை. "மோஷன் போகலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு. நிறைய பேருக்கு இறுக்கிடும். அதுக்கு வேற மருந்து இருக்கு." பிறகு அவரே, "நானும் வாந்தியை மட்டும்தான் கேட்டேன். அதைக் கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேருக்கு நடுவில் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை. கட்டி எதுவும் இல்லை என்று வந்தது. நான் மூச்சு விட்டேன். இவருக்கு அதோடு தீரவில்லை.

"அப்போ வாந்தியில போனது?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"சாப்பாடு போச்சு. தண்ணி போச்சு. உங்க உடம்பு போச்சு. நோய் அந்த வழியா வராது. மருந்து ரத்தத்துல ஓடிப்போய் அங்கங்க வேலை செய்யுது. மருந்தைக் கண்டு மூளை மிரண்டுபோய் வாந்தி எடுக்க வைக்குது. வாந்தி வந்தாலும் மருந்து வேலை செய்யும், வராட்டியும் செய்யும்."

"கையுறை?"

"மருந்துல மிச்சம் மீதி கொஞ்சம் ரெண்டு நாளைக்கு வெளியே வரும். அது உங்க வீட்டம்மா கையில படக் கூடாதுன்னு. அவ்வளவுதான்."

அவருக்கு ஏமாற்றம்தான். ஒரு தொழில் ரகசியம் பொய்யாகிவிட்ட ஏமாற்றம். வயிறு இறுகாமல் இருக்கப் புதிதாக ஒரு சிரப் கொடுத்தார்கள், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க. ஆஸ்பத்திரி வாடைக்கே வாந்தி வருகிறதே, அதற்கு முந்தின நாளும் புறப்படுகிற அன்றும் போட ஒரு மாத்திரை. இந்தத் தடவை எல்லாம் என் கைப்பையில். என் எதிரில் போட வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். "ஆமா" என்றேன்.

உடம்பு தேறியதும் மூன்றாவது சுற்று ஏற்றினார்கள். வாசலில் பினாயில் வாடை வந்தது. மூக்கைச் சுளித்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"ஒண்ணும் வரலையே."

"வராதுங்க."

"மருந்து ஒழுங்கா ஏறுச்சா?"

"என் கண்ணால பார்த்தேன்."

"ஒண்ணுமே வரலேன்னா வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

அது தெரியாமல்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. வாளியைப் பிடுங்கி அந்தப்பக்கம் வைத்துவிட்டு ஒரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே தின்றார். உள்ளே தங்கியது. மறுநாளும் தங்கியது. அதற்கடுத்த நாள் தயிரில் உப்பு இல்லை என்று சண்டைக்கு வந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சண்டை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வயிறு மட்டும் போகவில்லை. சிரப் குடித்தார், குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. முகம் மறுபடி இறுகியது. இப்போது அந்த இறுக்கத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நர்ஸுக்குப் போன் செய்தேன். சிரப்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் ஸ்கேனையெல்லாம் பார்க்குமா? அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குக் காலையில் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் வெகுநேரமாகியிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மாற்றிய வாஷர் அளவு தப்பு, இப்போது முன்னைவிட அதிகமாகச் சொட்டியது. அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"ஏய்! போச்சு! போச்சுடி!"

மாடி வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னண்ணே, என்ன போச்சு?" என்று அந்த அம்மா பதறினாள்.

கத்தியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷன் அன்றுகூட அப்படி அழவில்லை. உள்ளேயிருந்து அவருடைய குரல் வந்தது, அடைப்பு எடுத்ததும் வருமே, அதே குரல்.

"ஏய், இங்க வந்து பாரேன்!"

"ஊரைக் கூட்டாதீங்க! மூடியை மூடிட்டு ரெண்டு தடவை தண்ணி விடுங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பார்க்கப் போனேன்.